வேலிக்கு மேலால் ஒரு போத்தல்

காலையில் ஓர் இதரை வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அங்கேதான் பிழைத்தது.

படலையைத் திறந்த சித்தப்பா என்னைக் கண்டதும் "வா பிள்ளை" என்று சொல்லவில்லை. மூக்கைச் சுளித்தார். "வாழைப்பழம் சாப்பிட்டனியோ?"

"ஓம் சித்தப்பா, பஸ்ஸுக்குள்ள."

"நேரா கிணத்தடிக்குப் போ. வாயைக் கொப்பளிச்சு, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வா. அதுமட்டும் பெட்டிப் பக்கம் எட்டியும் பாக்கப்படாது."

தேனீ ஒன்று கொட்டினால் அந்த இடத்தில் ஒரு வாசம் கிளம்பும். 'எதிரி இங்கே நிற்கிறான், ஓடி வாருங்கள்' என்று கூட்டத்துக்கு அடிக்கிற தந்தி அது. அந்த வாசத்தில் இருக்கிற முக்கியமான சரக்கு ஐசோபென்ரைல் அசற்றேற். வாழைப்பழத்தை மணக்க வைப்பதும் அதேதான். வாழைப்பழ வாயோடு தேனீப் பெட்டியைத் திறப்பது, சனம் நிறைந்த சந்திக்குள் போய் நின்று "என்னை அடியுங்கோ" என்று கத்துவது மாதிரி. நான் இரண்டு தரம் சவுக்காரம் போட்டேன்.

சித்தப்பாவின் வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கி நிற்கவேண்டிய ஒழுங்கை ஒன்றின் கடைசியில். மொத்தக் காணி இரண்டரைப் பரப்பு. சந்தைக்கும் கிட்ட, பல்கலைக்கழகத்துக்கும் கிட்ட. அதற்குள்ளே வீடு, கிணறு, குசினிக்குப் பின்னால் ஒரு முருங்கை, இரண்டு தென்னை, ஒரு கறுத்தக்கொழும்பான் மா, சுற்றிவரப் பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்று தளைத்த வேலி. மாமரத்து நிழலில், நான்கு காலையும் ரின்மீன் பேணிக்குள் வைத்தபடி நான்கு பெட்டிகள். பேணி நிறையத் தண்ணீர். எறும்பு ஏறாதாம்.

யாழ்ப்பாணத்தாருக்குத் தேன் என்றால் வன்னி. முல்லைத்தீவுக் காட்டுப் பக்கமிருந்து யாரோ ஒருவர், யாரோ ஒருவரிடம் கொடுத்து, அவர் பழைய சாராயப் போத்தலில் கொண்டுவந்து தருகிற கறுத்தத் தேன். மருந்து இடிக்கிற வீட்டில் அதற்குத் தனி மதிப்பு. "பட்டணத்துக்குள்ள எங்கயிருந்து தேன்?" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பரிஸ் ஒபேரா மாளிகையின் கூரையிலேயே 1980களிலிருந்து தேன் எடுக்கிறார்கள். நோத்ர டாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் எரிந்தபோது அதன் கூரையொன்றில் இருந்த மூன்று பெட்டித் தேனீக்கள் தப்பிப் பிழைத்தன. அந்தச் செய்தியை லாச்சப்பலில் இருக்கிற மச்சான் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு எழுதிய பதில் ஒரே வரி: "எங்கட மீற்றர் பெட்டியை விடவோ?"

அந்த மீற்றர் பெட்டிக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு எழும்பி வந்தது. இருபத்தைந்து வருசம் கழித்து, 2015இல் காணி விட்டார்கள் என்று பார்க்கப் போனால் கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பற்றைக்குள்ளால் வெட்டிக்கொண்டு உள்ளே போன சித்தப்பா முன் சுவருக்குக் கிட்ட நின்றுவிட்டார். மின்சார மீற்றர் இருந்த மரப்பெட்டிக்குள் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். "கரண்ட் வந்திட்டுதோ எண்டு நினைச்சன்" என்பார். சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் தானே முதல் சிரிப்பார். உள்ளே கம்பியும் இல்லை, மீற்றரும் இல்லை. அடுக்கடுக்காக வதை. வீட்டைக் காவல் காத்தவர்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல், இரண்டு நாள் கழித்து ஒரு கடகத்தோடும் கை நடுக்கத்தோடும் போய்க் கூட்டி வந்தார். அதுதான் முதல் பெட்டி. மற்ற மூன்றும் அதன் பிள்ளைகள்.

முகம் கழுவி வந்த எனக்குத் தலையில் ஒரு பனையோலைத் தொப்பி ஏறியது. அதன் விளிம்பைச் சுற்றி நுளம்பு வலை தைத்திருந்தது, சித்தியின் கைவேலை. கறுத்த உடுப்புக் கூடாது, சென்ற் கூடாது, முடி விரித்துவிடக் கூடாது. நான் வெள்ளைச் சட்டையில் போயிருந்தேன், அந்த ஒன்றிலாவது புத்தி வேலை செய்திருந்தது. சித்தப்பாவோ சாரமும் பெனியனும். வலைகூட இல்லை. "எனக்கும் அவையளுக்கும் பழக்கம்" என்றார். தேனீக்கு ஆள் பழக்கம் எல்லாம் கிடையாது, பதறாத கைதான் பழக்கம் என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். ஒரு வேலைக்காரத் தேனீ வெளியே பறந்து திரிவது சில கிழமைகள்தான். அதற்குள் யாருடைய முகத்தை யார் பாடமாக்குவது?

புகைப்பானுக்குள் பொச்சுமட்டைத் தும்பு. பற்றவைத்து, துருத்தியை நாலு தரம் அமத்த, வெள்ளைப் புகை குளிர்ந்து வந்தது. வாசலில் இரண்டு ஊது, மூடியைக் கொஞ்சம் நெம்பி இன்னும் ஒன்று. புகை அந்த வாழைப்பழ வாசத்தை மறைக்கும். கூடவே 'நெருப்புப் பிடித்துவிட்டது, ஓடவேண்டி வரலாம்' என்று தேனீக்கள் அவசரமாகத் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பும். வயிறு நிறைந்தவர் சண்டைக்கு வருவது குறைவு. கலியாண வீட்டில் முதல் பந்திக்கு இருந்து எழும்பினவரைப் பார்த்தால் தெரியும்.

மூடி திறந்தது.

இதை எப்படி எழுதுவது? முதலில் வந்தது வாசம். சூடான மெழுகு, கொஞ்சம் பூ, அடியில் புளித்த மாதிரி ஒரு மணம், எல்லாம் ஒரே மூச்சில். அதற்குப் பிறகு சூடு. கன்றுக்குட்டி மூச்சு விட்ட மாதிரி முகத்தில் வந்து மோதியது. குஞ்சு வளர்க்கிற இடத்தை அவை 34, 35 பாகை செல்சியஸில் வைத்திருக்கும். மார்கழியோ சித்திரையோ அந்த அளவு அசையாது. பிறகு சத்தம். வெளியே கேட்ட 'ம்ம்ம்' உள்ளே ஒன்றாக இல்லை, ஆயிரம் வேறு வேறு சின்னச் சத்தமாக இருந்தது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. "துள்ளாத!" என்றார் சித்தப்பா, உதடு அசையாமல்.

சட்டங்களை ஒவ்வொன்றாக, காதைப் பிடித்துத் தூக்குவது போல் இரண்டு நுனியிலும் பிடித்து மேலே எடுத்தார். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தேனீ முதுகு உரசாமல் போய்வரும் இடைவெளி மட்டும். ஒரு சென்ரிமீற்றரும் இல்லை. இந்த இடைவெளியைக் குறைத்தால் பிசினால் ஒட்டிவிடும், கூட்டினால் அதற்குள் இன்னொரு வதை கட்டிவிடும் என்று 1851இல் கண்டுபிடித்தவர் அமெரிக்கப் போதகர் லாங்ஸ்ட்ரோத். தூக்கி எடுக்கிற சட்டப் பெட்டி அங்கேயிருந்துதான் பிறந்தது. ஆனால் அவர் பெட்டி மேல்நாட்டுப் பெரிய தேனீக்கு. எங்கள் தேனீ சிறியது. அதற்கு ஏற்றபடி சின்னப் பெட்டி செய்தவரும் ஒரு பாதிரியார்தான். திருச்சிராப்பள்ளியில் இருந்த இயேசுசபைக் குரு நியூட்டன், 1910களில். தென்னிந்தியா முழுக்க இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்றால் தெரியும். சித்தப்பாவின் பெட்டி அதற்குப் பேரப்பிள்ளை முறை. பழைய கதவுப் பலகையில், கொக்குவில் தச்சர் ஒருவர் "உதென்ன ஐயா புறாக்கூடோ?" என்று கேட்டுக்கேட்டுச் செய்தது.

இரண்டாவது சட்டத்தில் ராணியைக் கண்டேன். தேடிக் கண்டுபிடிக்கவில்லை, கூட்டம் காட்டிக்கொடுத்தது. அவள் நடக்கிற பக்கமெல்லாம் மற்றவை முகத்தைத் திருப்பி வழி விட்டன. கறுத்து நீண்ட உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத குட்டைச் செட்டை. ஓர் அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிடிக்கவில்லை. அடுத்தது. தலையை எடுத்து, திரும்பி, பின்பக்கத்தை உள்ளே இறக்கி, இரண்டு மூன்று நொடி அசையாமல் நின்றாள். எழும்பிப் போன இடத்தில் அரிசிக் குறுநொய் மாதிரி ஒரு வெள்ளைக் கீறல் நட்டுக்கு நின்றது. முட்டை! நான் கண்ணால் கண்டேன்! சித்தப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கப் போய், கடைசி நொடியில் கையைப் பின்னுக்கு இழுத்தேன்.

வாசல் பலகையில் இன்னொரு வேடிக்கை. ஐந்தாறு தேனீக்கள் வரிசையாக நின்று, இருந்த இடத்திலேயே செட்டையை அடித்துக்கொண்டிருந்தன. விசிறுகிறார்கள். எல்லாருக்கும் தலை வெளிப்பக்கம், முதுகு வாசல் பக்கம். ஐரோப்பியத் தேனீ இதே வேலையைத் தலையை உள்ளே காட்டிக்கொண்டு செய்யும். அது உள்ளே இருக்கிற காற்றை வெளியே இழுக்கிறது, எங்களுடையது வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. விறாந்தையில் ஓலை விசிறியோடு இருக்கிற ஆச்சிமார் எந்தப் பக்கம் என்று நான் இனிக் கவனிக்க வேண்டும்.

விசிறினால் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். சித்திரை வெயிலில் அவை தண்ணீர் அள்ளி வந்து வதையில் பூசி, விசிறிக் குளிர்த்தும். அள்ளுகிற இடம் எது? கிணற்றடி. சித்தியின் தலையாய முறைப்பாடு இதுதான். "குளிக்கப் போனால் முதலே பத்துப்பேர் வந்து நிக்கினம். தோய்ச்சுப் போட்ட சீலையில இருந்து உறிஞ்சினம். நான் என்ர வீட்டுக் கிணத்தடியில பயந்து பயந்து நிக்கிறன்." சித்தப்பா ஒரு மண்சட்டிக்குள் கல்லடுக்கித் தண்ணீர் வைத்துப் பார்த்தார். அவைக்குச் சித்தியின் கிணற்றடிதான் ருசி.

சித்திக்கும் தேனீக்கும் இன்னொரு போட்டியும் உண்டு. வேப்பம்பூ.

நான் போன நேரம் பங்குனிக் கடைசி. யாழ்ப்பாணத்து வேம்பு பூத்துக் கொட்டுகிற காலம். மரத்துக்குக் கீழே பாயும் பழைய சீலையும் விரித்து, விழுகிற பூவைக் கூட்டி அள்ளி, உழுந்தோடு சேர்த்து வடகம் போடாவிட்டால் சித்திக்கு வருசம் பிறக்காது. மேலே பார்த்தால் மரம் முழுவதும் இரைகிறது. மேலே அவை, கீழே இவர். "உதிர்ந்த பூவில இனி என்ன இருக்கு? தேன் எல்லாம் உங்கட ஆக்கள் எடுத்திட்டினம்" என்று சித்தி சொல்ல, "அதாலதான் வடகம் இவ்வளவு கைக்குது" என்று சித்தப்பா திருப்பிச் சொல்ல, நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

ஒரு பட்டணத்து வளவைத் தேனீயின் கண்ணால் பார்த்தால் வேறு ஊராகத் தெரிகிறது. எங்களுக்கு எல்லை வேலி. அதற்கு அதே வேலிதான் சாப்பாட்டுக்கடை. கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் சுற்றுக்குள் பூவரசு, முருங்கை, தென்னம்பாளை, கோயில் வீதி வேம்பு, ஆண்பனையின் பாளை, பள்ளிக்கூடத்துப் புளி, யாரோ மறந்துபோன இலந்தை. மாறி மாறி ஒன்று பூத்தபடி இருக்கும். மாம்பூவை மட்டும் எங்கள் ஆட்கள் பெரிதாக மதிப்பதில்லை, அது ஈ இலையான் சேவை செய்கிற கடை. பனைப் பக்கம் போனவை சில வேளை வீடு திரும்புவதில்லை. சீவல் தொழிலாளியின் முட்டிக்குள் எட்டிப் பார்த்து, கள்ளில் மூழ்கிச் சாகும். பன்னாடையால் வடித்தால் கள்ளு கீழே போகும், தேனீ மேலே நிற்கும். உதவாததைப் பிடித்துவைத்துக்கொண்டு நல்லதை விட்டுவிடுகிறவனை எங்கள் ஊரில் பன்னாடை என்று ஏசுவது இந்த வடிப்பைப் பார்த்துத்தான்.

பூ எங்கே இருக்கிறது என்பதை ஆடிக் காட்டுகிற கதை எல்லாருக்கும் தெரியும். அதைப் படித்துச் சொன்ன கார்ல் வொன் ஃப்ரிஷுக்கு 1973இல் நோபல் பரிசும் கிடைத்தது. நான் கொண்டாடுவது வேறு ஒன்றை. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர், 1950களில் இந்த ஆட்டத்தின் பழைய வடிவங்களைத் தேடி இலங்கைக்குத்தான் வந்தார். ஏனென்றால் ஒரே நாட்டில் மூன்று வகைத் தேனீக்களும் இங்கே இருந்தன. பொந்துக்குள் வாழும் எங்கள் பெட்டித் தேனீ. உயரத்தில் ஒரே பெரிய வதை தொங்கவிடும் மலைத்தேனீ, மலையகத்தார் 'குளவி' என்று சொல்வதும் சிகிரியாவில் ஏறுகிறவர்களைத் துரத்துவதும் இதுதான். வேலிக் கொப்பில் உள்ளங்கை அளவு வதை கட்டுகிற சின்னத் தேனீ. இந்தச் சின்னது வெளிச்சத்தில், வதையின் மேல் தட்டில், பூ இருக்கிற திசையை நேரே காட்டி ஆடும். சித்தப்பாவின் கிளுவை வேலியிலேயே ஒன்று இருந்தது. கொப்பின் இரண்டு பக்கமும் வளையல் போட்ட மாதிரி பிசின் பூசியிருந்தது, எறும்பு தாண்டாமல் இருக்க. ரின்மீன் பேணி இல்லாதவர்களின் ஏற்பாடு.

நாலாவது ஆளும் உண்டு, கொட்டத் தெரியாத குட்டித் தேனீ. கிணற்றுக் கட்டின் வெடிப்பிலிருந்து மெழுகுக் குழாய் ஒன்று, பால் குடிக்கிற ஸ்ட்ரோ பருமனில், வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவர்களின் படலை. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருசம் சிறையிருந்து 1679இல் தப்பிய ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் அச்சிட்ட நூலில் இலங்கைத் தேனீக்களை மூன்றாகப் பிரித்து எழுதினார். இந்தக் குட்டியின் சிங்களப் பெயருக்குக் குருட்டுத் தேனீ என்று பொருள் சொல்கிறார். குருடோ இல்லையோ, என் கண் மடலுக்குள்ளேயே வந்து புகப் பார்த்தது.

இவ்வளவையும் சித்தப்பா எங்கே படித்தார் என்று கேட்டால், பாதி அடிபட்டு, மீதி ஓடிப்போனவையிடம் என்பார். எங்கள் தேனீக்கு ரோசம் அதிகம். சாப்பாடு குறைந்தாலும், எறும்பு வந்தாலும், மெழுகு அந்துப்பூச்சி வதைக்குள் நூல் கட்டினாலும், ஏன், அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தாலும்கூட முழுக் கூட்டமும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடும். முதல் வருசம் அவர் இரண்டு கூட்டம் இழந்தார். கேட்டுப் படிக்கலாமென்றால், விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருப்பது பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவவில். அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு, முகாமில் இருந்த தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட 2000ஆம் ஆண்டு ஒக்ரோபர்தான் நினைவுக்கு வரும். அங்கே தேனீயும் வளர்க்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஓடிப்போவது வேறு, பிரிந்து போவது வேறு. கூட்டம் பெருத்தால் பழைய ராணி பாதிப் பேரோடு கிளம்பிவிடும். போன மாசி மாதம் அப்படிக் கிளம்பின கூட்டம், போய்த் தங்கிய இடம் பக்கத்து வீட்டு ரீச்சரின் ஸ்கூட்டி. கைபிடியில் பலாப்பழம் தொங்கின மாதிரி ஒரு கொத்து. ரீச்சர் ஓய்வுபெற்றவர், வயது எழுபதுக்குக் கிட்ட, ஒழுங்கை முழுவதையும் படிப்பித்தவர். "தம்பி, உம்மட பிள்ளையளை வந்து கூட்டிக்கொண்டு போம்" என்று வேலிக்கு மேலால் சத்தம் போட்டாராம். சித்தப்பா அதே பழைய கடகத்தைக் கவிழ்த்துக் கொத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து மெல்லப் புகை காட்டியிருக்கிறார். இருட்டைக் கண்டால் மேல்நோக்கி ஏறுவது அவற்றின் குணம். முக்கால் மணித்தியாலம் கை உளைய உளைய நின்றால், ராணி ஏறினதும் மற்றவை தண்ணீர் வழிந்த மாதிரி, ஆனால் மேல்நோக்கி, கடகத்துக்குள் போய்ச் சேர்ந்தன. யாரையும் கொட்டவில்லை. பிரியாவிடைக்குப் புறப்பட்டவை வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டுத்தான் வரும். அந்தக் கூட்டம்தான் நாலாவது பெட்டி. அதன் மூடியில் சோக்கட்டியால் 'ரீச்சர்' என்று எழுதியிருக்கிறது.

இனி தேன். அதற்குத்தானே வந்தேன்.

மேல் தட்டுத் தேன் அறைச் சட்டங்களை மட்டும் எடுத்தார். கீழே குஞ்சு அறைப் பக்கம் கை போகவில்லை. ஒவ்வொரு சட்டத்தையும் தட்டையாகப் பிடித்து ஓர் உதறு உதறினார். ஒன்றிலிருந்து துளி தெறித்தது. அதைத் திரும்ப உள்ளே வைத்தார். பூவிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் தண்ணீர். வாய்க்கு வாய் மாற்றி, விசிறி விசிறி வற்றவைத்து, ஐந்தில் ஒரு பங்களவு தண்ணீர் மட்டும் மிஞ்சின பிறகுதான் மெழுகால் மூடி முத்திரை வைப்பார்கள். மூடாத தேன் பச்சைத் தேன். எடுத்தால் புளிக்கும். போன வருசம் தெருவோரம் ஒரு போத்தல் வாங்கிக் கொழும்புக் குசினியில் வைத்திருந்தேன். ஒரு நாள் இரவு மூடி வெடித்துச் சுவரெல்லாம் நுரை. பேய் என்று நினைத்தேன். பச்சைத் தேன்.

குசினிக் கதவு, யன்னல் எல்லாம் சாத்தினோம். திறந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் உடைமைக்காரர் எல்லாரும் வந்துவிடுவார்கள். சுடுதண்ணீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் மெழுகு மூடியை, அப்பம் சுரண்டுவது போல, மேலாகச் சீவினார். உள்ளே ஆறுமூலை ஆறுமூலையாகப் பொன். சட்டங்களைத் தகரப் பீப்பாய் மாதிரியான இயந்திரத்துக்குள் நிறுத்தி, "சுத்து" என்று கைபிடியை என்னிடம் தந்தார். 1865இல் ஹ்ருஷ்கா என்றொருவர், மகன் தேன் கூடையைச் சுழற்றி விளையாடுவதைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, எனக்குள் அந்தப் பெடியன் புகுந்துவிட்டான். சுற்றினேன். தகரச் சுவரில் தூறல் விழுகிற சத்தம். டிக், டிக், டிக்டிக்டிக். "மெள்ள, மெள்ள, வதை உடைஞ்சிடும்!" கீழே குழாயைத் திறந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு தடித்த துளி எட்டிப் பார்த்து, யோசித்து, நூலாக இறங்கி, பாத்திரத்தின் அடியில் மடிந்து மடிந்து படுத்தது.

விரல் வைத்தேன். முதலில் இனிப்பு, நடுவில் ஏதோ பூ, விழுங்கின பிறகு நாக்கின் அடியில் மெல்லிய கசப்பு. வேம்பு! இல்லை, வேப்பமரத்துக்குக் கீழே நின்றதால் வந்த கற்பனையோ என்று இரண்டாம் விரல் வைத்தேன். மூன்றாம் விரலுக்குச் சித்தி அகப்பையால் கையில் தட்டினார்.

சித்தப்பா அதைக் காய்ச்சவில்லை. மெல்லிய துணியில் வடித்து, இரண்டு நாள் மூடி வைத்து, மேலே மிதக்கிற மெழுகுத் தூளை வழித்தெடுத்துப் போத்தலில் விடுவார், அவ்வளவுதான். காய்ச்சாத தேன் என்பது இதுதான். சுடவைத்தால் வாசம் முதலில் போகும். மாரி மழை நாட்களில் பூ இல்லாமல் பட்டினி கிடக்கும்போது சீனிப்பாகு கொடுப்பதை அவர் ஒளிக்கவில்லை. பூக்காலம் தொடங்க முதலே நிறுத்திவிடுவார். பூக்காலத்திலும் பாகு வைத்தால் வதையில் நிறைவது தேன் அல்ல, தேனீ வாயில் போய் வந்த சீனி. "பனங்கட்டிப் பாகு குடுத்தால் என்ன சித்தப்பா, எங்கட ஊர்ச் சாமான்தானே?" என்று கேட்டேன். "வயித்தால போகும்" என்றார். தேனீக்குத்தான்.

நான்கு பெட்டிக்கும் சேர்த்து அன்று கிடைத்தது எட்டுப் போத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. மேல்நாட்டுப் பெட்டித் தேன் கணக்குகளோடு ஒப்பிட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு பெட்டியை மார்கழியில் இழந்திருந்தால் இதுவும் இல்லை. நுளம்புக்குப் புகையடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று ஒழுங்கை முனையில் சத்தம் கேட்டதும், சித்தப்பா ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி எல்லா வாசலையும் மூடியிருக்கிறார். பகலில், வெளியே போனவை திரும்புகிற நேரம். வெளியில் நின்றவை செத்தன. டெங்குக்குப் புகை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாளே சொன்னால், விடிய முதல் வாசலை அடைத்துவிடலாம் என்கிறார் அவர். தோட்டக்காரரிடமும் அதையே கேட்கிறார்: மருந்து அடிக்கிறதென்றால் பொழுதுபட அடியுங்கோ. கோப்பாய்ப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்கு நடுவில் பெட்டி வைப்பதைவிட பட்டணத்து ஒழுங்கை பாதுகாப்பு என்பது அவர் முடிவு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

எட்டுப் போத்தலில் ஒன்று வாடகை. தேன் வந்த வேம்பு எங்கள் வளவில் இல்லை, ரீச்சர் வளவில். வருசா வருசம் முதல் போத்தல் வேலிக்கு மேலால் போகும். எடுத்துக்கொண்டு நானும் போனேன். ரீச்சர் ஆயத்தமாக நின்றார், கையில் கிளாஸ் நிறையத் தண்ணீர்.

"அதில ஒண்டும் தெரியாது ரீச்சர்" என்றார் சித்தப்பா, தோற்றுப்போன குரலில். இது முதல் தரம் இல்லை என்று விளங்கியது. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் இருக்கும், நெருப்புக்குச்சியில் தொட்டால் பற்றும், நாய் முகராது, எறும்பு வராது என்று எங்கள் ஊரில் தேனுக்கு எத்தனை பரீட்சை! தடித்த சீனிப்பாகும் அடியில்தான் போய் இருக்கும். எறும்பு வராது என்றால் ரின்மீன் பேணி எதற்கு? குளிரில் அடியில் கல்லாக உறைந்தால் "சீனி கலந்தது" என்று எறிகிறார்கள். நல்ல தேனும் உறையும், அதன் சர்க்கரைகளில் ஒன்றான குளுக்கோசின் வேலை அது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். ரீச்சரிடம் சொல்லவேண்டியிருந்தது வேறொன்று. அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்து மூன்று மாதம். ஒரு வயது ஆகுமட்டும் குழந்தை நாக்கில் தேன் தடவக்கூடாது, எவ்வளவு சுத்தமான தேனென்றாலும் அதில் இருக்கக்கூடிய கிருமி விதை பச்சைக் குடலில் நஞ்சாகும். "அது எனக்குத் தெரியும், ஹெல்த் மிஸ் சொன்னவா" என்றார் ரீச்சர், என்னைப் பார்க்காமலே.

போத்தலைச் சரித்தார். ஒரு துளி தண்ணீருக்குள் இறங்கி, அடியில் போய் உருண்டையாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். அந்தத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்துவிட்டு, வெறுங் கிளாஸை வேலிக்கு மேலால் நீட்டினார்.

"இன்னும் ஒருக்கா விடும் பாப்பம் தம்பி. வடிவாப் பாக்கேல்ல."